கடவு அடைத்த காடு
மேய்ச்சல் நிலக் குறிப்புகள்

ஆவணி, மூலனூர்ப் பக்கம்

எங்கள் ஊரில் காடு என்றால் வனமல்ல. கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம், ஆற்று வாய்க்கால் பாய்ந்தால் வயல், வானம் பார்த்துக் கிடந்தால் காடு. அந்தக் காட்டிலும் உழவை ஒதுக்கி, புல்லுக்கென்றே விட்டு, சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, உள்ளே வெள்வேல மரங்களை நிற்கவிட்ட நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி என்று மழை குறைந்த இந்த மேட்டு நிலம் நெடுக இதைப் பார்க்கலாம். காங்கயம் காளையின் திமிலைப் படத்திலாவது பார்க்காத தமிழர் குறைவு. அந்தத் திமிலை வளர்த்த புல்லை நின்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி விட்டுப்போனது நாலு கொறங்காடு. மொத்தம் பதினாறு ஏக்கர். மூன்று வருசமாக நானும் மாமாவும் பார்த்துக்கொள்கிறோம். எந்தக் காட்டில் எத்தனை உருப்படி, என்றைக்கு உள்ளே போனது, என்றைக்கு வெளியே வந்தது என்று எழுதி வைக்கத்தான் இந்த நோட்டு. எழுத எழுத மற்றதும் வந்து சேர்ந்துகொண்டது.

*

நாலு காடும் ஒரே கூப்பிடு தூரத்துக்குள். ஆனாலும் நாலும் நாலு நிலம்.

கரட்டுக்காடு சரளை. ஒரு மழைக்கே பச்சை கட்டும், அடுத்த மழை பிந்தினால் அதே வேகத்தில் வாடும். பள்ளத்துக்காட்டில் மேட்டுத் தண்ணீர் வடிந்து நிற்கும். புல் தாமதமாக எழும்பி, தை வரைக்கும் ஈரத்தோடு இருக்கும். வேலங்காட்டில் மரம் அதிகம். கிணத்துக்காடு நாலில் மண் நல்லது, இப்போது நிலைமை மோசமானதும் அதுதான். அந்தக் கதையைப் பிறகு எழுதுகிறேன்.

பெய்வது ஒரே மழை. புல் வருவது நாலு தேதியில். காலண்டரைப் பார்த்து மாட்டை ஓட்டினால் ஒரு காட்டில் சரியாகவும் மூன்று காட்டில் தப்பாகவும் முடியும்.

*

அப்புச்சி ஒரு கணக்கு வைத்திருந்தார். "முழத்துல உடு, சாணுல எடு, கண்ணு." கொறங்காட்டில் வளரும் கொழுக்கட்டைப் புல் ஒரு முழம் வளர்ந்த பிறகு மாட்டை உள்ளே விட வேண்டும். ஒரு சாண் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். சின்ன வயதில் இதை நான் ஒரு பேச்சாகத்தான் கேட்டேன். இரண்டு சாண் ஒரு முழம் என்பது தெரிந்திருந்தும், அவர் சொன்னது சரிபாதி என்பது பல வருசம் கழித்துத்தான் உறைத்தது.

அமெரிக்க வேளாண்துறையில் ஃபிராங்க்ளின் கிரைடர் என்பவர் புற்களின் இலையை வெவ்வேறு அளவில் வெட்டிவிட்டு வேரைக் கவனித்தார். 1955இல் அந்த முடிவு வெளியானது. பாதிக்குக் குறைவாக வெட்டியவரை வேர் தன்பாட்டில் வளர்ந்தது. பாதியும் அதற்கு மேலும் வெட்டியபோது வேர் வளர்வது நின்றது. வெட்டு கூடக் கூட, நின்ற நாட்களும் கூடின. இலைதான் புல்லுக்குச் சமையல்கட்டு. அது போனால் வேருக்குச் சோறில்லை.

முழத்தில் பாதி சாண். ஆனால் புல்லின் கனமெல்லாம் அடித்தூரில் இருக்கிறது. ஆகவே உயரத்தில் பாதியை விட்டால் எடையில் பாதிக்கும் அதிகமாகவே மிஞ்சும். அப்புச்சியின் கணக்கு கிரைடரின் கணக்கைவிடப் புல்லுக்குக் கொஞ்சம் தாராளமானது.

*

மாடு ஒரு தூரை ஒருமுறை கடித்தால் அந்தப் புல் சாகாது. இரண்டாவது கடியில்தான் கேடு. முதல் கடிக்குப் பிறகு, தூரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்து ஒரு தளிர் விடுகிறது. அந்தத் தளிர் முற்றல் தாளைவிட இனிப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். காட்டிலேயே நிற்கிற மாடு சுற்றி வந்து அதைத்தான் தேடிக் கடிக்கும். செலவழித்ததைப் புல் திரும்பச் சேர்ப்பதற்குள் அடுத்த செலவு. மூன்றாம் தடவை தளிர் வராது.

அதனால்தான் திறந்து கிடக்கும் நிலத்தில் நல்ல புல் முதலில் ஒழிகிறது. மாடு வாய் வைக்காத ஆவாரையும் எருக்கும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. சாலையோரத்தில் மஞ்சளாக ஆவாரை பூத்துக் கிடப்பதைப் பார்த்தால் முன்பெல்லாம் மனம் நிறையும். இப்போது, இங்கே புல்லுக்கு யாரும் நாள் விடவில்லை என்று அந்தப் பூ சொல்வதாகத் தோன்றுகிறது.

*

ஆந்திரே வோசான் நார்மண்டியில் பண்ணை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர், உயிர்வேதியியல் படித்தவர். தம் மாடுகள் புல்லைக் கடிப்பதை நாள்கணக்கில் நின்று பார்த்தார். 1957இல் புல்லின் விளைச்சல் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் இது: மேய்ச்சல் அழிவதற்குக் காரணம் மாட்டின் எண்ணிக்கை அல்ல, காலம். பத்து மாடு ஒரு நாள் நின்று போன நிலம் பிழைக்கும். ஒரு மாடு பத்து மாதம் நின்ற நிலத்தில் அதற்குப் பிடித்த புல் பிழைக்காது.

கியூபாவுக்குப் பாடம் சொல்லப் போன இடத்தில், 1964இல், ஹவானாவில் இறந்துபோனார். அவரும் அப்புச்சியும் பார்த்த நிலங்களுக்கு ஒப்புமையே கிடையாது. அங்கே மாதந்தோறும் மழை, இங்கே வருசத்தில் இரண்டு மூன்று மாதம். ஆனாலும் இருவரும் மாட்டை எண்ணுவதற்கு முன்னால் நாளை எண்ணினார்கள்.

*

புரட்டாசி

யார் முன்னே, யார் பின்னே என்பதில் ஒரு முறை இருக்கிறது. மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்துப் பிடித்து இழுத்து அறுக்கும். கொஞ்சம் உயரமான புல்தான் அதற்குத் தோது. செம்மறிக்கும் மேல் முன்பல் இல்லைதான், ஆனால் பிளந்த மேலுதடும் சின்ன வாயும் உண்டு. தரையோடு ஒட்டக் கொறிக்கும். வெள்ளாடு தலையைத் தூக்கியே பார்க்கும். இலை தழை கிடைத்தால் புல் பக்கம் குனியாது.

அதனால் முதலில் மாடு, எருமை. அவை மேலே எடுத்த பிறகு மேச்சேரிச் செம்மறி ஆடுகள். ஆட்டை முதலில் விட்டால் மாட்டுக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆட்டை அதிக நாள் விட்டால் அடுத்த மழைக்குப் புல்லுக்கே ஒன்றும் இருக்காது.

இன்னொரு லாபமும் உண்டு. மாடு தன் சாணம் விழுந்த இடத்துப் புல்லைத் தொடாது, சுற்றிலும் ஒரு வட்டம் தனியாக வளர்ந்து நிற்கும். ஆடு அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆட்டின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் தங்குவதில்லை, மாட்டுடையது ஆட்டிலும் அப்படித்தான். மாற்றி மாற்றி மேய்ந்தால் ஒன்றன் புழுவை மற்றொன்று தின்று தீர்க்கிறது. மருந்துச் செலவு குறைகிறது.

*

வேலியைப் பற்றி. கிளுவைப் போத்தை இடுப்புயரம் வெட்டி, மழைக்கு முன் வரிசையாக நட்டு, குறுக்கே முள்ளை வைத்துக் கட்டினால் இரண்டு மூன்று வருசத்தில் உயிர்வேலி. ஒரு தலைமுறைக்கும் மேல் நிற்கும். வேலி இருப்பதால் கொறங்காட்டு மாட்டுக்கு மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை. இரவிலும் உள்ளேயே கிடக்கும். சாணமும் மூத்திரமும் அங்கேயே விழும்.

கம்பி வேலி போடலாமே என்று கேட்கிறார்கள். போடலாம். கிளுவையில் ஓணானும் குருவியும் பாம்பும் கீரியும் குடியிருக்கின்றன. ஆடிக் காற்றை அது தடுக்கிறது. கோடையில் வெள்ளாடு அதன் இலையைக் கடிக்கிறது. கம்பிக்கு இதெல்லாம் தெரியாது.

மாடு வெளியே போகாமல் இருக்க வேலி என்றுதான் எல்லாரும் நினைப்போம். மாமா சொன்னார்: "உள்ள இருக்கறதக் காக்கறதுக்கு அல்லீங் மாப்ள. வெளிய இருக்கறது உள்ள வராம இருக்கறதுக்கு." காடு காலியாக, கடவு என்னும் நுழைவழி அடைத்துக் கிடக்கும் மாதங்களில்தான் வேலி தன் முழு வேலையைச் செய்கிறது.

*

வெள்வேல மரம் குடை மாதிரி விரிந்தாலும் இலை சன்னம். வெயிலை முழுக்க மறைக்காது, அடியில் புல் வளரும். சித்திரை, வைகாசியில் புல் காய்ந்து நாராகிக் கிடக்கும்போது காய் உதிர்க்கும். புல்லில் சத்தில்லாத அந்த மாதங்களில் ஆடுகளுக்கு அந்தக் காய்தான் பருப்பு. தின்ற காயின் கொட்டை புழுக்கையோடு வெளியே வந்து, மழைக்கு முளைக்கிறது. மரக்கன்று யாரும் நடுவதில்லை. ஆடே நடுகிறது. எதை விடலாம், எதை வெட்டலாம் என்பதுதான் நம் வேலை.

சீமைக்கருவேலும் இதே வழியில்தான் வருகிறது. அதன் காயும் இனிப்பு, அதையும் ஆடு தின்று பரப்புகிறது. வெள்வேலுக்கு இடம் விடுகிற கை, சீமைக்கருவேலை முளையிலேயே பிடுங்க வேண்டும். முழங்கால் உயரம் வந்த பிறகு நம்மால் ஆகாது, இயந்திரம் வர வேண்டும்.

*

தொட்டி. கரட்டுக்காட்டில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு வண்டி வட்டம் போடும் அளவுக்கு வெறும் மண். கடைக்கோடியில் புல் முற்றி மஞ்சளடித்து வீணாகக் கிடந்தது. மாடு தண்ணீரையும் நிழலையும் விட்டு அதிக தூரம் போகாது. கிட்டத்தில் இருப்பதைத் திரும்பத் திரும்ப மேயும். ஆக ஒரே வேலிக்குள் ஒரு பக்கம் அதிக மேய்ச்சல், மறுபக்கம் மேய்ச்சலே இல்லை. மொத்த உருப்படியை மொத்த ஏக்கரால் வகுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.

இந்த வருசம் இரும்புத் தொட்டி ஒன்றை வாங்கி, குழாய் இழுத்து, கடைக்கோடியில் வைத்தோம். உப்புக்கட்டியை இன்னொரு மூலையில் மரத்தடியில் தொங்கவிட்டோம். பத்து நாளில் மாடுகள் நடக்கும் தடமே மாறிவிட்டது. குச்சியெடுத்து ஒரு மாட்டையும் விரட்டவில்லை.

*

முற்றின புல்லும் ஒரு கேடுதான். நாள் விட வேண்டும் என்பதற்காக நாள் விட்டுக்கொண்டே போனால் தாள் கட்டையாகும், பழுப்பு மேலே மூடும், கீழே தளிருக்கு வெளிச்சம் எட்டாது. தூர் நடுவில் செத்து வளையமாக நிற்கும். நாலைந்து வருசத்துக்கு ஒருமுறை அப்புச்சி ஒரு கொறங்காட்டை லேசாக உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பார். அடுத்த மழைக்குப் பழைய தூரிலிருந்தும் உதிர்ந்த விதையிலிருந்தும் புல் புதிதாக வரும். இடையிடையே நரிப்பயிறும் செப்புநெருஞ்சியும் கிளம்பும். புல்லோடு பயறும் கலந்து தின்ற மாட்டின் மினுமினுப்பே தனி.

கொழுக்கட்டை விதையைப் பறித்த கையோடு விதைத்தால் முளைக்காது. சில மாதம் உறங்க வேண்டும். புல் மட்டுமல்ல, அதன் விதையும் நாள் கேட்கிறது.

*

சோளத்தைச் சொன்னதால் இதையும் எழுதி வைக்கிறேன். மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையில் விடும் தளிரிலும் நஞ்சு உண்டு. அதில் உள்ள சயனைடு மாட்டைக் கொன்றுவிடும். அறுவடையான காடு பச்சையாக இருக்கிறதே என்று உள்ளே விட்டுவிடக் கூடாது. போன வருசம் எங்கள் கிடாரிக் கன்று ஒன்று கடவுச் சந்தில் நுழைந்து நாலு வாய் தின்றது. மூச்சு வாங்கித் தள்ளாடி விழுந்ததைப் பார்த்து மருத்துவரைக் கூப்பிட்டோம். அவர் நேரத்துக்கு வந்ததால் பிழைத்தது. கடவுப் படலை ஒழுங்காகக் கட்டாதது நான்.

*

ஐப்பசி, மழைக்குக் காத்திருந்த ஒரு பகல்

கொழுக்கட்டைப் புல்லைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் இது பெரும் எதிரி. மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுபோனார்கள். அது மலைச்சரிவெங்கும் பரவிவிட்டது. அங்கத்திய செடிகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வளர்பவை, நெருப்புக்குப் பழகாதவை. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பி, காய்ந்து, தீயைக் கடத்துகிறது. ஆளைவிடப் பல மடங்கு உயர்ந்த சகுவாரோ கள்ளிகள் அந்தத் தீயில் போகின்றன. தன்னார்வலர்கள் கடப்பாரையால் தூர் தூராகத் தோண்டி எடுக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே சண்டை. மாடு வளர்ப்பவருக்கு வரம், வனம் காப்பவருக்குச் சாபம்.

இங்கே நாங்கள் ஒரு தூர் சாகாமல் இருக்க நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறோம். புல்லில் நல்லது கெட்டது என்று தனியாக எதுவும் இல்லை. எந்த மண்ணில், எந்த வாயோடு, எந்த மழையோடு சேர்ந்து வளர்ந்தது என்பதுதான் அதன் குணம். ஓர் ஊரின் மேய்ச்சல் முறையை அப்படியே பெயர்த்து இன்னோர் ஊரில் நடக் கூடாது என்பதற்கும் இதுவே சாட்சி. வோசானின் புத்தகத்தில் இருக்கும் நாள்கணக்கை எங்கள் கரட்டுக்காட்டில் போட்டிருந்தால் இரண்டு வருசத்தில் காடு பொட்டலாகியிருக்கும்.

*

கிணத்துக்காட்டின் கதை.

அப்புச்சி போன பிறகு நாங்கள் யாரும் ஊரில் இல்லை. கிணத்துக்காட்டை வருசக் குத்தகைக்கு விட்டோம். எடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். வருசம் முடிந்தால் காடு யாருக்குப் போகுமோ என்ற நிலையில் இருப்பவர், அடுத்த வருசத்துப் புல்லுக்காக இந்த வருசம் தன் ஆட்டைப் பட்டினி போட முடியாது. வைகாசி வரை ஆடு உள்ளேயே நின்றது. முதல் மழைக்குத் தலை நீட்டிய தளிரையும் மேய்ந்துவிட்டது. மூன்று வருசம் அப்படிப் போனது. நான் வந்து பார்த்தபோது தூர்கள் மண்ணோடு மண்ணாக இருந்தன. மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடி, ஒரு முழ ஆழத்துக்குத் தாரை விழுந்திருந்தது.

குத்தகையை வருசத்துக்கு வருசம் பேசியது நாங்கள். ஐந்து வருசத்துக்குப் பேசி, மழைக்குப் பின் நாற்பது நாள் கடவு அடைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவரும் காத்திருப்பார். மேய்ச்சலின் முதல் விதி புல்லில் எழுதப்படுவதில்லை, நிலத்துக்கு உரியவரும் மேய்ப்பவரும் செய்துகொள்ளும் பேச்சில் எழுதப்படுகிறது.

*

வேலியே இல்லாதவர்களின் முறை வேறு. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இருக்கலாம். ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சை வரை போகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் பகலில் மேய்ச்சல், இரவில் கிடை. வலைக்குள்ளோ பட்டிக்குள்ளோ அடைபட்ட ஆடுகள் ஓர் இரவில் போட்ட எருவுக்கு வயல்காரர் கூலி கொடுக்கிறார். மறுநாள் பட்டி அடுத்த வயலுக்கு நகரும். ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம் என்பது சம்சாரிகளின் கணக்கு.

நகர்ந்துகொண்டே இருப்பதால் எந்த நிலமும் இரண்டாம் கடியைப் பார்ப்பதில்லை. கொறங்காட்டில் வேலி செய்யும் வேலையை அங்கே கால்கள் செய்கின்றன. பயிர் நிற்கும் மாதங்களில் அவர்கள் எங்கே போவார்கள் என்பதுதான் இப்போதைய நெருக்கடி. கண்மாய்க்கரை, ஓடைப் புறம்போக்கு, மலையடிவாரம் என்று இடையில் தங்கிய இடங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டுவருகின்றன. வழி போனால் முறையும் போகும்.

*

எங்கள் வட்டாரத்திலிருந்து வடக்கே போனால் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு ஒரு மாடு. சட்டென்று மிரளும், மலையேற்றத்தில் அதை மிஞ்ச முடியாது. மலைவாசிகள் அவற்றைக் காட்டுக்குள் பட்டி அமைத்து மாதக்கணக்கில் மேய்த்துவந்தவர்கள்.

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்களில் மேய்ச்சலுக்கு முழுத் தடை விதித்தது. சில நாளிலேயே அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. 2024இல் பர்கூர் மலைக்காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆயின. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலையும், இடம்பெயர்ந்து மேய்ப்பவர்கள் பருவத்துக்கு வந்துபோவதையும் உரிமையாக ஏற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாடு நிற்கிறது.

யானைக்கும் மானுக்கும் அந்தப் புல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நோய் பரவும் பயமும் உண்மை. ஆனால் "விடு", "விடாதே" என்ற இரண்டே சொல்லில் மேய்ச்சலை ஆள முடியாது. எந்த மலை, எந்த மாதம், எத்தனை உருப்படி, எத்தனை நாள், பிறகு எத்தனை நாள் அடைப்பு என்று ஐந்து கேள்வி இருக்கிறது. பட்டிக்காரர்களையும் வனத்துறையையும் ஒரே பாயில் உட்காரவைத்து அந்த ஐந்துக்கும் விடை எழுத வேண்டும். இது ஆகாத காரியமில்லை. எங்கள் குடும்பத்து நாலு காட்டுக்கே அப்படித்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

*

நீலகிரியில் தோடர்கள் மழை ஓய்ந்த மாதங்களில் எருமைகளை வேறு மந்துக்கு, அதாவது தங்கள் இன்னொரு குடியிருப்புக்கு, ஓட்டிப்போவார்கள். இருந்த இடத்துப் புல்லுக்கு ஓய்வு, போகும் இடத்தில் ஈரப் புல். காய்ந்த புல்லை அளவாகக் கொளுத்தும் வழக்கமும் இருந்தது. மரமில்லாத அந்த மேட்டைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அது வெற்றிடமாகத் தெரிந்தது. பிறகு வந்தவர்களுக்கும் அப்படியே. சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள். சோலைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்துவந்த புல்வெளிகளில் பெரும்பகுதி அந்த மரங்களுக்கடியில் போனது. எருமை குறைந்தது, வரையாட்டுக்கும் இடம் சுருங்கியது.

மரம் நடுவது நல்லது என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிவிட்டார்கள். புல்வெளியில் மரம் நடுவது, ஒருவர் வீட்டுக்குள் புகுந்து அடுப்பு மூட்டுவதைப் போன்றது என்று யாரும் சொல்லவில்லை.

*

தரிசு. இந்தச் சொல்லோடு எனக்குத் தீராத வழக்கு. ஏர் ஓடாத நிலமெல்லாம் அரசாங்கக் கணக்கில் ஏதோ ஒரு வகையில் தரிசாகிவிடுகிறது. நாட்டின் தரிசு நில வரைபடத் தொகுப்பிலேயே புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் வருகின்றன. தரிசு என்று எழுதிய பிறகு, அங்கே எதைக் கொண்டுவந்தாலும் அது முன்னேற்றம்தான். மூலனூர், தாராபுரம் பக்கம் காற்றாலையும் சூரியத் தகடும் வந்ததும், வீட்டுமனைக் கல் நட்டதும் இப்படிப்பட்ட நிலத்தில்தான்.

பழைய கணக்கில் இன்னொரு சொல் இருக்கிறது. மேய்க்கால் புறம்போக்கு. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். சென்னை மாநகருக்கு நடுவிலேயே மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2011இல் சொன்னது. நிலத்தை மீட்டால் மட்டும் போதாது. மீட்ட நிலத்தில் யார் கடவு அடைப்பது என்பதையும் ஊர் கூடிப் பேச வேண்டும். அடைக்க ஆளில்லாத பொதுநிலம் ஒரே மழையில் தீர்ந்துபோகும்.

*

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. மங்கோலியா முன்மொழிந்ததாம். மாமாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புல்லுக்கு ஒரு வருசமாச்சு குடுத்தாங்களே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

*

கார்த்திகை, மழை விட்ட மறுநாள்

காலையில் நாலு காட்டையும் சுற்றி வந்தோம். கையோடு அளவுகோலும் கொண்டுபோனேன். மாமாவுக்கு அது தேவைப்படவில்லை, குனிந்து கையை விரித்து வைத்தே சொல்லிவிட்டார். சாண் கணக்கு அவருடைய கையிலேயே இருக்கிறது.

கிணத்துக்காட்டில் மழைத் தாரைக்குக் குறுக்கே போன வருசம் வைத்த கல்லணைகளில் வண்டல் தேங்கியிருந்தது. அந்த வண்டலில் கொழுக்கட்டை முளைத்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், முதல் அணைக்கு மேலே மட்டும் நாற்பத்தொரு தூர். விரல் உயரம். இளம்பச்சை. மாடுகள் வேலிக்கு வெளியே வந்து நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் காட்டுக்காரர், "இவ்வளவு பச்ச நிக்குது, உட்டாத்தான் என்னுங்க?" என்று கேட்டார். மாமா படலை இன்னொரு சுற்றுக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

இந்த வருசக் கணக்கு:

கரட்டுக்காடு: புல் ஒன்றரைச் சாண். பத்து நாள் கழித்துத் திறப்பு. மாடு ஏழு, ஆறு நாள். பிறகு ஆடு, மூன்று நாள். சாணுக்கு வந்தால் கணக்கு பார்க்காமல் எடுக்க வேண்டும்.

பள்ளத்துக்காடு: ஈரம் மிதிபடும், இப்போது கூடாது. மார்கழிக் கடைசி.

வேலங்காடு: தை முழுக்க அடைப்பு. சித்திரையில் காய்க்கு ஆடு மட்டும்.

கிணத்துக்காடு: விதை உதிரும் வரை யாருக்கும் இல்லை. அடுத்த மழைக்கும் யாருக்கும் இல்லை.